சவரக்கத்தி தீட்டற இயற்கைக் கல்லு, யார் எது வச்சிருக்கீங்க, பாத்து எடுத்தது எப்படி?

என்கிட்ட இருக்கறது பெல்ஜியம் கோட்டிக்யூல். ஆர்டென் மலைப்பக்கம் வியல்சாம் சுத்துவட்டாரத்துல வெட்டி எடுக்கற மஞ்சக் கல்லு. வாங்கப் போறவங்க எல்லாம் முதல்ல கேக்கறது இது எத்தனை கிரிட்னுதான் (கல்லு எவ்ளோ நைஸுன்னு சொல்ற நம்பர்), அட்டையில 8000னு போட்டிருந்தா அது வியாபாரத்துக்குப் போட்டது, அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. உள்ள இருக்கறது பொடிப்பொடியா கார்னெட்ங்கற கெட்டியான தாதுமணி, 5ல இருந்து 20 மைக்ரான் வரைக்கும் இருக்கும், பல பட்டை வச்ச உருண்டை மாதிரி இருக்கறதால சைஸுக்கு ஏத்த ஆழத்துக்குக் கீறாது, அதனாலதான் அந்த சைஸ் கார்னெட்ட வச்சுக்கிட்டே மூஞ்சில வைக்கற கத்திய முடிக்க முடியுது.

கடையில ரெண்டு மூணு கல்ல எடுத்து வச்சா நான் தண்ணி விட்டு சின்னக் கல்லால கொஞ்சம் தேச்சுப் பாப்பேன். சிலது உடனே கொழகொழன்னு பால் விடும், அதாவது கல்லுப் பொடி தண்ணில கலந்து வரும், சிலது எவ்ளோ தேச்சாலும் லேசாதான் கலங்கும். வேகம் வேணும்னா முதல் ரகம், ஆனா கடைசி ஃபினிஷுக்கு எனக்குக் கெட்டியான கல்லுதான் பிடிக்கும், ஏன்னா மிருதுவான கல்லு வெறும் தண்ணில தானா பால் விட்டு விளிம்பக் கெடுத்துடும். கல்லுல கறுப்புக் கோடு ஓடுதேன்னு பயப்படாதீங்க, நகத்த குறுக்க ஓட்டிப் பாருங்க, நகம் மாட்டலன்னா அது வெறும் அழகுதான். அப்புறம் காசு மிச்சம் பண்ணணும்னா கோணல்மாணலா வர்ற கல்லு, ‘பூட்’னு சொல்லுவாங்க, அதக் கேளுங்க. கல்லு அதேதான், செவ்வகமா வெட்டலங்கறதாலதான் விலை குறைவு. 40 மில்லிமீட்டர் அகலம் இருந்தாலே போதும், கத்திய குறுக்க இழுத்துக்கிட்டேதான போறோம்.

தீட்டறது எப்படின்னா கெட்டிப் பால்ல ஆரம்பிச்சு பெவல், அதாவது விளிம்போட ரெண்டு பக்கச் சரிவு, கை முடிய எடுக்கற வரைக்கும் முன்ன பின்ன ஓட்டி, அப்புறம் விரல முக்கி ஒரு சொட்டு, கொஞ்சம் ஓட்டி இன்னொரு சொட்டுன்னு நீர்க்க விட்டுக்கிட்டே வரணும். பால் கெட்டியா இருக்கறப்ப விளிம்பு மிதக்கற கார்னெட்டுல போய் முட்டி மழுங்கும், அதனால எவ்ளோ நேரம் ஓட்டினாலும் ஒரு அளவுக்கு மேல கூர் ஏறாது, அதத் தாண்டறதுக்குத்தான் இந்த நீர்க்க விடற வேலை. கடைசில குழாய்த் தண்ணி மட்டும். கத்தி கல்லோட ஒட்டிக்கிட்டு வர்றதும் விளிம்புக்கு முன்னாடி தண்ணி சுருண்டு ஓடறதும் தெரிஞ்சா கத்திய இழுக்கற தோல் வாருக்குப் போயிடலாம்.

—

அண்ணே நான் கியோட்டோ கல்லு ஆளு. நகயாமாங்கற பேர்போன பழைய சுரங்கத்து முத்திரை இருக்குன்னு விலை கொடுக்கறத நான் நிப்பாட்டிட்டேன், முத்திரை குத்த ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். கெட்டியா இருக்கா, மேல்பரப்புல சொரசொரன்னு ஏதாவது உறுத்துதான்னு மட்டும் பாப்பேன், பிடிக்கலன்னா திருப்பி எடுத்துப்பேன்னு சொல்ற ஆள்கிட்டதான் வாங்குவேன். பால் எடுக்க மேல தேய்க்கற சின்னக் கல்லு மிகாவா நகுரா, அதோட முழு செட்டும், அதாவது போதான், தென்ஜோ, மெஜிரோ, கோமான்னு, வாங்கணும்னு அவசியமில்ல, 8000 கிரிட் செயற்கைக் கல்லுல இருந்து நேரா மெஜிரோ பால்ல இறங்கினாலே நல்லா வருது. ஒண்ணு மறக்காதீங்க, இந்தக் கல்லு அடுக்கடுக்கா இருக்கும், பக்கவாட்டுல தண்ணி இறங்கினா பிளந்துக்கும். லேக்கர் அடிக்கணும். நான் வீட்டுல இருந்த நெயில் பாலிஷ அடிச்சேன், வீட்டம்மா இன்னும் திட்டுறாங்க.

—

என்னட்ட இருக்கிறது ஆர்க்கன்ஸா கறுப்புக் கல்லு. உங்கட கல்லுகளோட பார்த்தா விலை பாதியும் இல்லை. அங்க ஹொட் ஸ்பிரிங்ஸ் பக்கத்து மலையில எடுக்கிற நொவாக்குலைட், ஏறக்குறைய முழுக்க சிலிக்காதான், அடர்த்தியை வச்சுத்தான் தரம் பிரிக்கிறவை. இது பால் விடாது, அதால கல்லின்ர மேற்பரப்பு எப்பிடி இருக்கோ அப்பிடித்தான் விளிம்பும் வரும். அறுத்த வாளின்ர தடத்தோட வந்த கல்லை அப்பிடியே பாவிச்சுப் போட்டு ஆர்க்கன்ஸா சரியில்லை எண்டு சொல்லுற ஆக்கள்தான் கூட. கண்ணாடித் தட்டில சிலிக்கன் கார்பைட் தூள் போட்டு நல்லாத் தேயுங்கோ, கை உளையும், பிறகு அந்தக் கல்லின்ர தட்டை லேசில குலையாது. எண்ணெய் விட்டு மெதுவா இழுக்கோணும். ஆனா பெவலை முதலே வேற கல்லில முழுசா முடிச்சிட்டுத்தான் இதுக்கு வரோணும், இது அவ்வளவு மெதுவு.

—

பழைய எஷர் கல்லு ஒண்ணு படம் காட்டி வாங்கலாமான்னு கேட்ட தம்பிக்கு (எஷர்ங்கறது ஜெர்மனி துரிங்கியா கல்ல வித்த பழைய கம்பெனிப் பேரு): துரிங்கியா கல்லு பால்லயும் சரி தண்ணிலயும் சரி முகத்துக்கு ரொம்ப மிருதுவான விளிம்பு கொடுக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா குவாரி மூடி ரொம்ப காலம் ஆச்சு, இப்ப வர்றதெல்லாம் பழசுதான், லேபிள் இல்லாத எந்தச் சாம்பல் கல்லையும் எஷர்னு விக்கறாங்க. நீங்க காட்டினதுல ஒரு முனை உடைஞ்சிருக்கு, அது பரவால்ல, உரசி மழுக்கிக்கலாம். விக்கறவர்கிட்ட கல்ல நனைச்சு வெயில்ல எடுத்த போட்டோ கேளுங்க, காய்ஞ்ச கல்லுல மஞ்சப்பச்சையா கருநீலமான்னு தெரியாது. கேட்டும் அனுப்பலன்னா விட்டுடுங்க.