மான்ட்கோமரி கவுன்டி கவுன்சில்: தமிழ்க் கையேட்டுக்கு உதவி தேவை

வணக்கம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மான்ட்கோமரி கவுன்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சட்டமியற்றும் அவையான கவுன்டி கவுன்சில் பற்றித் தமிழில் இரண்டு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. ஓரிடத்தில் மட்டும் சொல் சரியாக அமையவில்லை.

2022 தேர்தலில் இருந்து கவுன்சிலில் 11 பேர். 7 பேர் தொகுதிவாரியாக, 4 பேர் கவுன்டி முழுமைக்கும். ஆக, ஒரு வாக்காளருக்கு 5 உறுப்பினர்கள். பலர் தங்கள் தொகுதி உறுப்பினர் ஒருவருக்கு மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நிறைவேறிய மசோதாவை கவுன்டி எக்ஸிகியூட்டிவ் (கவுன்டி நிர்வாகத்தின் தலைவர்) 10 நாளில் நிராகரிக்கலாம். அதை மீறிச் சட்டமாக்க 60 நாளுக்குள் 7 வாக்குகள் வேண்டும்.

சிக்கல் நிலப் பயன்பாட்டில்தான். மண்டல விதியில் (எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற விதி) திருத்தம் வரும்போது அதே 11 பேரும் ‘டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்’ என்ற தகுதியில் அமர்கிறார்கள். அங்கே எக்ஸிகியூட்டிவுக்கு நிராகரிக்கும் அதிகாரமே கிடையாது. வாக்கெடுப்பு முடிந்தபின் அவருக்கு மனு கொடுத்துப் பயனில்லை. பொது விசாரணையிலேயே பேசிவிட வேண்டும், அல்லது எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

‘டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்’ என்பதை ‘மாவட்ட மன்றம்’ என்று எழுதினால் தனி அமைப்பு என்று நினைத்துவிடுவார்கள். பொருத்தமான சொல் இருந்தால் சொல்லுங்கள். அங்கே எழுத்துமூலம் கருத்துக் கொடுத்தவர்கள் யாராவது கருத்துக் கொடுக்கும் முறை பற்றி எங்கள் வரைவில் உள்ள படிகளைச் சரிபார்த்துத் தர முடியுமா?