எலுமிச்சம்பழம் ரசத்துக்கு

குழு: நம்ம மலைக் குடும்பம்

சின்னு: பெரியம்மா, பரு போய்விட்டது, கறை போகவில்லை. கன்னம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நிற்கிறது. அடுத்த மாதம் கல்யாணம் வேறு. (தோழிக்கு. எனக்கில்லை, யாரும் ஆரம்பிக்காதீர்கள்.)

ஊட்டி பெரியம்மா: (பலமுறை பகிரப்பட்டது) ஏழே நாளில் கரும்புள்ளி மாயம்!! அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா, கொஞ்சம் தேன். முகத்தில் தடவி இளவெயிலில் கால் மணி நேரம் உட்காரவும். பத்துப் பேருக்கு அனுப்பவும் 🙏🌹

கோத்தகிரி சித்தி: எலுமிச்சை வீட்டிலேயே இருக்கு அக்கா. நாளைக்கே இவளுக்குப் போட்டுவிடுகிறேன்.

மேட்டுப்பாளையம் அண்ணன்: சித்தி, வேண்டாம். எலுமிச்சம்பழம் ரசத்துக்கு.

ஊட்டி பெரியம்மா: வந்துட்டான் மருந்துக்கடைக்காரன்.

மேட்டுப்பாளையம் அண்ணன்: அம்மா, எலுமிச்சையில் சோரலன் வகைப் பொருள் இருக்கு. சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் சிவந்து கொப்பளித்துவிடும். ஆறின பிறகு அந்த இடம் முன்பைவிடக் கருக்கும், அது போக மாதக்கணக்காகும். இந்தச் செய்தியோ தடவிக்கொண்டு வெயிலில் உட்காரவே சொல்கிறது!

ஊட்டி பெரியம்மா: அந்தக் காலத்தில் நாங்கள் தேய்க்காததா?

மேட்டுப்பாளையம் அண்ணன்: குளிக்கும்போது தேய்த்து உடனே கழுவினீர்கள். அதுவே முகத்துக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

குன்னூர் மாமா: இங்கே வெயில் எங்கேடா இருக்கு? நேற்று பதினொரு மணிவரை மூடுபனி. ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை.

மேட்டுப்பாளையம் அண்ணன்: குளிர் வேறு, கதிர் வேறு, மாமா. 1,000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். மெல்லிய மேகத்தைத் தாண்டியும் பெரும்பகுதி இறங்கிவிடும். கீழே எங்களுக்குச் சுடுகிறது, நிழலுக்கு ஓடுகிறோம். நீங்கள் இதமாக இருக்கிறது என்று வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்கிறீர்கள். அந்த வெயிலில்தான் புள்ளி கருக்கும்.

குன்னூர் அத்தை: நிஜம்தான். எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள் தலைக்குத் துணி கட்டுவார்கள், கன்னம் திறந்தே இருக்கும். பல பேருக்கு மங்கு. நம் கம்பளிக் குல்லாவும் காதுக்குத்தான், முகத்துக்கு நிழல் தராது.

சின்னு: நான் வெளியிலேயே போவதில்லையே. நாள் முழுக்க ஜன்னலோரம் லேப்டாப்தான்.

மேட்டுப்பாளையம் அண்ணன்: புறஊதாவில் ஒரு வகை கண்ணாடி வழியாகவும் வரும். மேசையைத் தள்ளிப் போடு. சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30 இருந்தால் போதும், ஆனால் பட்டாணி அளவு தொட்டுத் தடவாதே. இரண்டு விரல் நீளம் வேண்டும். வெளியே போனால் விளிம்பு வைத்த தொப்பி. இது இல்லாமல் எதைப் பூசினாலும் காசுக்குக் கேடு.

கோத்தகிரி சித்தி: கிரீம் கதை போதும்ப்பா. வீட்டு வைத்தியம் ஒன்று சொல்லு.

மேட்டுப்பாளையம் அண்ணன்: அதிமதுரப் பொடி. தோலுக்கு நிறம் தருகிற மெலனினை உண்டாக்கும் நொதியை அதிலுள்ள கிளாப்ரிடின் தடுக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். புளிக்காத தயிரில் குழைத்து, சாயங்காலம் பத்து நிமிடம் வைத்துக் கழுவச் சொல்லுங்கள். முதலில் முன்கையில் தடவி ஒரு நாள் பார்க்கணும். எரிந்தால் விட்டுவிடணும். கற்றாழை என்றால் வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு உள்ளே இருக்கும் சோறு மட்டும். கறைக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. பனிக்காற்றில் வெடிக்கிற கன்னத்துக்கு இதம்.

குன்னூர் மாமா: உருளைக்கிழங்குச் சாறு? இங்கே மூட்டையே இருக்கு.

குன்னூர் அத்தை: பொரியல் செய்யலாம்.

மேட்டுப்பாளையம் அண்ணன்: அத்தை சொன்னதுதான் சரி 😄 சின்னு, தோலின் மேலடுக்கு மாறவே ஒரு மாதம் போல ஆகும். பருக்கறை மங்கச் சில மாதம் பிடிக்கும். அதுவரை கிள்ளாதே.

சின்னு: அப்போ கல்யாணத்துக்குள் போகாதா?

மேட்டுப்பாளையம் அண்ணன்: தோழி மேக்கப் போடட்டும்.

கோத்தகிரி சித்தி: பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஏதோ ட்யூப் வாங்கிப் போட்டார்கள், ஒரே வாரத்தில் வெளுத்துவிட்டதே.

மேட்டுப்பாளையம் அண்ணன்: அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் சித்தி. தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, நிறுத்தினதும் சிவந்து எரியும். கலவையைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் நீங்களே கேட்டாலும் நான் தரமாட்டேன்.

ஊட்டி பெரியம்மா: டேய், என் முழங்காலுக்குக் கீழே வலை மாதிரி பழுப்பாகப் படர்ந்திருக்கு. இதற்கும் அதிமதுரமா?

மேட்டுப்பாளையம் அண்ணன்: ஹீட்டரை எங்கே வைக்கிறாய்?

ஊட்டி பெரியம்மா: காலடியில்தான். குளிருதே!

மேட்டுப்பாளையம் அண்ணன்: அதுதான் காரணமாக இருக்கும். ஒரே இடத்தில் நாள்தோறும் சூடு பட்டால் இப்படி வலை விழும். கரிச்சட்டி முன்னால் உட்கார்ந்தாலும் இதேதான். தள்ளி வை, மெல்ல மங்கும். போகாவிட்டாலோ, அந்த இடம் தடித்தாலோ புண்ணானாலோ தோல் டாக்டரிடம் காட்டணும். எப்படியும் நான் வரும்போது பார்க்கிறேன்.

குன்னூர் அத்தை: அண்ணி, ஞாயிற்றுக்கிழமை வரும்போது முழங்கால் வரைக்கும் வருகிற கம்பளி சாக்ஸ் கொண்டு வருகிறேன்.

ஊட்டி பெரியம்மா: சரி. பழுப்பு கலர் வேண்டாம்.