‘அண்ட்’டுக்கு முன்னால் கமா: பாளை வாத்தியாருக்கு ஒரு மறுப்பு

டவுன் தேரடி:
பாளை வாத்தியார் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மண்டை காய்கிறது. ஆங்கிலத்தில் பட்டியல் எழுதும்போது கடைசி ‘அண்ட்’டுக்கு முன் கமா வைப்பது அமெரிக்கக் கெட்ட பழக்கமாம். மாணவர்கள் வைத்தால் மதிப்பெண்ணை வெட்டுவாராம். அந்தக் கமாவின் பெயரே ஆக்ஸ்போர்டு கமா. ஆக்ஸ்போர்டு எப்போது அமெரிக்காவுக்குக் குடிபோனது? ‘தென்னகத்து ஆக்ஸ்போர்டு’ என்று பெயர் வாங்கிய பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசத் தனித் துணிச்சல் வேண்டும்.

பாளை வாத்தியார்:
அண்ணாச்சி, அது ஆக்ஸ்போர்டு அச்சகத்தின் சொந்த வழக்கம். இங்கிலாந்துப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை அதை வைப்பதில்லை. ‘ரைஸ், சாம்பார் அண்ட் அவியல்.’ ‘அண்ட்’ நிற்கிறதே, கமா எதற்கு? ஒரே வேலைக்கு இரண்டு பேருக்குக் கூலியா?

குற்றாலச் சாரல்:
‘ஐ தேங்க் மை பேரண்ட்ஸ், தி தாசில்தார் அண்ட் தி பிஷப்’ என்று ஒருவன் நன்றியுரை எழுதினால், அவனைப் பெற்றவர்கள் யார் ஐயா? கமா ஒன்று வையுங்கள், பிஷப்பின் மானம் தப்பும்.

பாளை வாத்தியார்:
‘பேரண்ட்ஸ்’ இருக்கும் இடத்தில் ‘மதர்’ போடுங்கள். ‘மை மதர், தி தாசில்தார், அண்ட் தி பிஷப்.’ இப்போது உங்கள் கமாதான் அம்மாவைத் தாசில்தார் ஆக்கியிருக்கிறது. வாக்கியத்தை மாற்றி எழுதத் தெரிந்தவனுக்கு இந்தக் கமா தேவையே இல்லை. அதுசரி, தென்காசிக்காரர்கள் 2019இல் தனி மாவட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்களே, இங்கே என்ன வேலை?

குற்றாலச் சாரல்:
நெல்லையில் இலக்கணம் பேச விசா வாங்க வேண்டும் என்று தெரியாமல் போயிற்று.

டவுன் தேரடி:
அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பால் நிறுவன ஓட்டுநர்கள் கூடுதல் நேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். ஊதியம் கிடையாத வேலைகளைச் சட்டம் வரிசையாகச் சொல்லி, ‘பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று முடிந்தது. ‘ஆர்’ முன் கமா இல்லை. அனுப்பவும் வினியோகிக்கவும் பொட்டலம் கட்டுவதா, வினியோகமே தனி வேலையா என்று தெளிவில்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்தது. தேவையில்லாத கமாவின் விலை அது.

பாளை வாத்தியார்:
பிறகு அந்தச் சட்டத்தைத் திருத்தினார்களே, உங்கள் கமாவையா வைத்தார்கள்? அரைப்புள்ளிகளை வைத்தார்கள்! அதை யார் இங்கே ஒழுங்காகப் பயன்படுத்துகிறீர்கள்? ‘இட் இஸ் ரெய்னிங், வி ஆர் நாட் கமிங்’ என்று இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டுகிறீர்கள். அங்கே அரைப்புள்ளி வேண்டும், இல்லையென்றால் ‘ஸோ’ வேண்டும். ‘தி சப்ஜெக்ட்ஸ் ஆர்’ என்று பாதியில் நிறுத்தி முக்காற்புள்ளி வைக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு முழு வாக்கியம் நிற்க வேண்டாமா? டேஷ் வேண்டிய இடத்தில் ஹைபனைத் தட்டிவிட்டுப் போகிறீர்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு ‘அண்ட்’டுக்கு முன் கமாவுக்குப் போராட்டம்.

சந்திப்புக்காரன்:
ஆங்கிலேயர் குட்டை டேஷை இருபுறமும் இடைவெளி விட்டு வைப்பார்கள், அமெரிக்கர் நீளமானதை ஒட்டி வைப்பார்கள். இரண்டும் சரிதான். கிடக்கட்டும். முருகன்குறிச்சியில் ஒட்டியிருக்கும் வாத்தியாரின் டியூஷன் நோட்டீஸைப் பார்த்தேன். ‘கிராமர், ஸ்போக்கன் இங்கிலீஷ், அண்ட் எஸ்ஸே.’ ‘அண்ட்’டுக்கு முன் கமா கண்ணைப் பறிக்கிறது.

பாளை வாத்தியார்:
அது அச்சகத்துக்காரன் வைத்தது.

டவுன் தேரடி:
அச்சகத்துக்காரனுக்கு மதிப்பெண்ணை வெட்டினீர்களா? என் தம்பி மகளுக்கு மட்டும்தானா?

பாளை வாத்தியார்:
இப்போதுதான் பூனை வெளியே வருகிறது. அந்தப் பிள்ளைக்குக் கமா மட்டுமா பிரச்சினை? கையெழுத்தைப் பார்த்தீர்களா?

சந்திப்புக்காரன்:
பிள்ளையை ஏன் இழுக்கிறீர்கள்? தமிழ் உரைநடைக்கு நிறுத்தக்குறிகளைக் கொண்டுவந்தவர் ஆறுமுக நாவலர் என்று படித்தோம். அவர் யாருக்கும் மதிப்பெண்ணை வெட்டியதாகப் படிக்கவில்லை.

பாளை வாத்தியார்:
நாவலர் பிறந்தது 1822இல். 1820இலேயே, தமிழில் உரைநடை எழுதிய ரேனியஸ் பாதிரியார் பாளைக்கு வந்துவிட்டார். அவருடைய உரைநடையைப் படித்துவிட்டு வாருங்கள்.

குற்றாலச் சாரல்:
ரேனியஸ் ஜெர்மன்காரர். அவரையும் பாளைக் கணக்கில் எழுதிவிட்டீர்களா?

பாளை வாத்தியார்:
1838இல் மறைந்தது இதே பாளையில்தான். தென்காசியில் இல்லை.