‘ஜெயண்ட் ஸ்டெப்ஸ்’ வாசித்த கோல்ட்ரேன் ‘எ லவ் சுப்ரீம்’ வரை வந்தது எவ்வாறு?

புதுச்செவி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் இசைத்தட்டுகளை ஆண்டு வரிசையில் கேட்டு வருகிறேன். 1959 மே மாதத்தில் பதிவான ‘ஜெயண்ட் ஸ்டெப்ஸ்’ பாடலில் கார்டுகள் (ஒருசேர ஒலிக்கும் சுரத்தொகுதிகள்) மூச்சுவிட இடம் தராமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. 1964 டிசம்பரில் பதிவான ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பத்தின் முதற்பகுதியோ, பாஸ் என்னும் தாழ்ந்த ஒலித் தந்திக்கருவியில் ஒலிக்கும் நான்கு சுரங்களாலான ஒரே வரியின் மேல் எழுந்து நிற்கிறது. ஐந்தே ஆண்டுகளில் ஒருவர் இத்தனை தொலைவு வந்ததற்குக் காரணம் அவருடைய ஆன்மிக மாற்றம் என்று பல இடங்களில் படித்தேன். அது மட்டுமே காரணமாக இருக்குமா? பதிவுகளைச் சுட்டி விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மந்தரஸ்தாயி:
அந்த விளக்கத்தில் காலக்கணக்கு பொருந்தவில்லை, நண்பரே. ஹெராயின் பழக்கத்தால் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து கோல்ட்ரேன் நீக்கப்பட்டதும், அப்பழக்கத்தை அவர் விட்டொழித்ததும், இறையருளால் தமக்கு விழிப்பு உண்டானது என்று பின்னாளில் எழுதியதும் 1957-ஆம் ஆண்டைக் குறித்தவை. ‘ஜெயண்ட் ஸ்டெப்ஸ்’ அதற்கு இரண்டு ஆண்டுகள் பிந்தியது. ஆகவே அடர்த்தியான அந்தப் பாடலும் எளிமையாகத் தோன்றும் இந்த ஆல்பமும் விழிப்புக்குப் பின்னர் வந்தவையே. 1957 அவருக்குத் தெளிந்த மனத்தையும் இடையறாது சாதகம் செய்யும் வலிமையையும் தந்தது என்று சொல்லலாம். அதே ஆண்டில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்குடன் மாதக்கணக்கில் வாசித்ததை நான் அதற்கு இணையான திருப்பமாகக் கருதுகிறேன். அவ்விருவரும் அந்த நவம்பரில் கார்னகி ஹாலில் வாசித்த நிகழ்ச்சியின் ஒலிநாடா அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் 2005-இல் கண்டெடுக்கப்பட்டு வெளிவந்தது. அதைக் கேட்டால், கோணல்மாணலான மங்க்கின் மெட்டுகளுக்குள் கோல்ட்ரேன் எவ்வளவு உறுதியுடன் நடக்கிறார் என்பது புரியும்.

இனி 1959-க்கு வருவோம். அவ்வாண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மைல்ஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவில் கோல்ட்ரேன் வாசித்திருக்கிறார். அதன் முதற்பாடலான ‘ஸோ வாட்’ பதினாறு தாள அளவைகள் டோரியன் என்னும் ஒரே ஸ்கேலில் (சுரவரிசையில்) நின்று, அடுத்த எட்டுக்கு அரைச்சுரம் மேலேறி, மீண்டும் பழைய இடத்துக்கு இறங்குகிறது. (டோரியனின் சுரங்கள் நம் கரகரப்பிரியாவின் சுரங்களே, கமகமும் சஞ்சாரமும் இல்லாததால் அதை ராகமாகக் கேட்க வேண்டியதில்லை.) அது முடிந்த சில நாட்களிலேயே, மூன்று ஆதார சுருதிகளுக்கு இடையே விடாது தாவும் ‘ஜெயண்ட் ஸ்டெப்ஸ்’ பதிவாகிறது. பியானோ வாசித்த டாமி ஃப்ளானகன் அதன் வேகத்தில் தமது தனிவாசிப்பில் தடுமாறுவதை நீங்களே கேட்டிருப்பீர்கள். அவரைக் குறைசொல்ல மாட்டேன். 1982-இல் அதே பாடலை அவர் எடுத்து அழகாக வாசித்தார்.

ஆக, நீங்கள் சொல்லும் இரு துருவங்களும் ஒரே பருவத்தில் அவருடைய கையில் இருந்தன. ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றுக்கு அவர் போகவில்லை. 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் விடுதியில் பதிவான ‘இம்ப்ரெஷன்ஸ்’ பாடலின் சட்டகம் ‘ஸோ வாட்’ பாடலுடையதேதான். அதற்குள் அவர் நிகழ்த்தும் மனோதர்மமோ ‘ஜெயண்ட் ஸ்டெப்ஸ்’ காலத்து அடர்த்தி உடையது. ‘எ லவ் சுப்ரீம்’ முதற்பகுதியின் பிற்பாதியைக் கூர்ந்து கேளுங்கள். அந்த நான்கு சுர வரியைச் சாக்ஸபோனில் ஒவ்வொரு சுருதியாக மாற்றி, பன்னிரண்டிலும் வாசித்த பிறகே அவர் அதைக் குரலால் ஓதத் தொடங்குகிறார். எல்லாச் சுருதிகளிலும் தடையின்றி உலவும் ஆற்றல் 1959-இல் செய்த கடும்பயிற்சியின் விளைச்சல் என்பதே என் உறுதியான எண்ணம்.

வயலின் மாணவி:
மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் உடன் வாசித்தவர்களை விட்டுவிட்டால் விளக்கம் முழுமை பெறாது. கார்டுகள் நெடுநேரம் மாறாமல் இருந்தும் சலிப்புத் தட்டாததற்கு பியானோவில் மக்காய் டைனரின் இடக்கை அதிர்வும், ஒரே நேரத்தில் பல நடைகளை ஓடவிடும் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸும், ஜிம்மி காரிஸனின் பாஸும் காரணம். நால்வரும் மூன்றாண்டுகளாகச் சேர்ந்து வாசித்துப் பழகியிருந்தமையால்தான் ஆல்பம் முழுவதையும் 1964 டிசம்பர் 9 அன்று ஒரே அமர்வில், நியூஜெர்சியில் இருந்த ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் முடிக்க முடிந்தது.

புதுச்செவி:
இருவருக்கும் மிக்க நன்றி. நான்காம் பகுதியில் மட்டும் எனக்குப் பிடி கிடைக்கவில்லை. தாளக்கட்டு இல்லை, மெட்டு என்று ஒன்றும் இல்லை. எதைப் பற்றிக்கொண்டு கேட்பது?

மந்தரஸ்தாயி:
ஆல்பத்தின் உறையில் கோல்ட்ரேன் எழுதிய இறைவணக்கக் கவிதை ஒன்று அச்சாகியிருக்கிறது. நான்காம் பகுதியில் அவர் அக்கவிதையைத்தான் சாக்ஸபோனில் அசை அசையாகச் சொல்கிறார். கவிதையைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே கேட்டால் எந்த வரியில் இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். வட கரோலினாவில் அவர் வளர்ந்த வீடு மெதடிஸ்ட் போதகரான தாய்வழித் தாத்தாவின் வீடு. பிரசங்கத்தின் ஏற்ற இறக்கம் அவர் காதில் சிறு வயதிலேயே பதிந்திருக்க வேண்டும். ஆன்மிகம் அவருடைய இசைக்குள் வந்த வழி எது என்று கேட்டால், 1957-ஐக் காட்டிலும் அந்த வீட்டைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

இதற்கு ஓராண்டு முன்னரே இவ்வாறு பேசும் நடையை அவர் முயன்றிருக்கிறார். 1963 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றது. அத்துயரத்தைச் சுமந்து நவம்பரில் பதிவானது ‘அலபாமா’. ‘லைவ் அட் பேர்ட்லேண்ட்’ ஆல்பத்தில் அது இருக்கிறது. ஆயினும் பேர்ட்லேண்ட் விடுதியில் வாசித்ததன்று, வான் கெல்டரின் கூடத்தில் பதிவானது. முதலில் அதையும், பிறகு நான்காம் பகுதியையும் கேளுங்கள்.