குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள்: ஊரின் காலநிலைத் திட்டத்துக்கு அழைக்கப்பட்ட அனுபவங்கள்

வட இங்கிலாந்திலிருந்து

எங்கள் நகரத்தின் காலநிலை ஜூரியில் நானும் ஒருத்தியாக உட்கார்ந்தேன். குலுக்கலில் அழைக்கப்பட்ட சாதாரண மக்கள் கூடிப் பேசி, காலநிலைக்காக ஊர் என்ன செய்யலாம் என்று கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி மன்றத்துக்கு, பரிந்துரை சொல்லும் கூட்டம் அது. நகரத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கூட இருந்தவர்கள் தங்கள் வீட்டு நிலைமையை என்னை நம்பிப் பேசியவர்கள். சிறிய கூட்டம் என்பதால் ஊரைச் சொன்னால் ஆளையும் சொன்னது போலாகிவிடும். இதே அனுபவம் உள்ளவர்கள் உங்களுடையதையும் எழுதுங்கள். தமிழில் இதைப் பற்றிப் படிக்க அதிகம் கிடைப்பதில்லை.

முறை எளிமையானது. கவுன்சில் சில ஆயிரம் முகவரிகளைக் குலுக்கலில் எடுத்துக் கடிதம் போடும். "வருகிறேன்" என்று பதில் எழுதியவர்களுக்குள் வயது, ஆண் பெண், இனம், படிப்பு, வசிக்கும் பகுதி எல்லாம் பார்த்து, ஊரில் என்ன விகிதமோ அதே விகிதத்தில் மறுபடியும் குலுக்குவார்கள். படிவத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது: காலநிலை மாற்றத்தைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு கவலை? "கவலையே இல்லை" என்று எழுதியவர்களுக்கும் அவர்கள் பங்குக்கு நாற்காலி உண்டு. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் ஆறு தெரிவுக்குழுக்கள் சேர்ந்து 2020இல் நடத்திய தேசிய காலநிலை அவைக்கும் இப்படித்தான் ஆள் எடுத்தார்கள். 30,000 வீடுகளுக்குக் கடிதம் போனது. அவையில் உட்கார்ந்தவர்கள் 108 பேர்.

கவலை பற்றிய அந்தக் கேள்விதான் இந்த முறையின் உயிர் என்பேன். எங்கள் ஊரில் பொதுக்கூட்டம் என்றால் யார் யார் வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். மரம் வேண்டும் என்பவர்கள் முன்வரிசையில், கார் நிறுத்த இடம் வேண்டும் என்பவர்கள் பின்வரிசையில். பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை பார்க்கும் பெண்ணுக்கு அது புறப்படுகிற நேரம். அவள் ஒரு நாளும் வந்ததில்லை. எங்கள் ஜூரியில் அவளுக்கும் ஓர் இடம் இருந்தது. பஸ் செலவு கொடுத்தார்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவைக் கொடுத்தார்கள், அமர்வுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் கொடுத்தார்கள். காசு கொடுத்துக் கூட்டம் சேர்ப்பதா என்று முகம் சுளிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் ஒரு மாலையை விட்டுக்கொடுத்தால் அந்த வாரச் சாப்பாட்டுச் செலவில் துண்டு விழும். கொடுக்கத்தான் வேண்டும்.

ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிவப்பு அட்டை வைத்திருந்தார்கள். பேச வந்த நிபுணர் சொல்வது விளங்காவிட்டால் அதைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு விளக்க வேண்டும். முதல் நாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓர் அம்மா "நிகர பூஜ்யம்" என்று ஆரம்பித்ததுமே, ஓய்வு பெற்ற பிளம்பர் ஒருவர் அட்டையைத் தூக்கினார். நாம் காற்றில் விடும் வாயுவின் அளவும், மரமும் மண்ணும் மற்றவையும் திரும்ப இழுத்துக்கொள்ளும் அளவும் சமமாக வேண்டும் என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். அதன் பிறகு அட்டையைத் தூக்க யாரும் கூச்சப்படவில்லை. பேச்சு முடிந்ததும் நிபுணரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்ன கேட்பது என்று நாங்கள் எங்களுக்குள் பேசி முடிவு செய்வோம். அப்புறம்தான் அவரை உள்ளே கூப்பிடுவோம். படித்தவர் எதிரில் இருந்தால் வாய் திறக்கத் தயங்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஏற்பாடு பெரிய தைரியம் தந்தது.

உணவு பற்றிய அமர்வு சப்பென்று போனது. வீடுகளைப் பற்றிய அமர்வை மறக்க முடியாது.

எங்கள் ஊரில் முக்கால்வாசி வரிசை வீடுகள், நூறு வருடத்துக்கு மேல் பழையவை. அந்தக் காலச் செங்கல் சுவர்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது என்று பிளம்பர் விளக்கினார். பிந்திய வீடுகளில் இரட்டைச் சுவருக்கு நடுவே வெப்பக்காப்புப் பொருளை ஊதி நிரப்பிவிடலாம். இவற்றில் உள்ளேயோ வெளியேயோ பலகை அடித்தால்தான் உண்டு. அதை அரைகுறையாகச் செய்தால் ஈரம் சுவரிலேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அவர் பேசி முடிப்பதற்குள் வாடகை வீட்டில் இருக்கும் ஓர் இளம் தாய் தன் போனை மேசை நடுவில் வைத்தாள். பிள்ளையின் கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. "வீட்டுக்காரரிடம் சொன்னால் ஜன்னலைத் திறந்து வை என்கிறார். திறந்தால் சூடு போய்விடுகிறது. சூட்டுக்கு நான் முன்கூட்டியே மீட்டரில் பணம் ஏற்ற வேண்டும்" என்றாள்.

எங்களில் வேன் ஓட்டுகிற ஒருவர் இருந்தார். படிவத்தில் "கவலையே இல்லை" என்று எழுதியதாக முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னவர். அந்தப் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கவுன்சில் அதிகாரியிடம் திரும்பி, இந்த வீட்டுக்காரரைக் கேள்வி கேட்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்றார். இருக்கிறது. வீடு ஆற்றலை எவ்வளவு வீணாக்குகிறது என்று "ஏ" முதல் "ஜி" வரை தரம் போடும் ஆற்றல் தரச் சான்றிதழில் "ஈ" தரத்துக்குக் கீழே உள்ள வீட்டை, சில விதிவிலக்குகள் தவிர, 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் வாடகைக்கு விடக் கூடாது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. "அப்படியென்றால் சட்டம் இருக்கிறது, போய்ப் பார்க்க ஆள் இல்லை. அதுதானே?" என்றார் வேன்காரர். அதிகாரி நல்ல மனிதர். ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். வாடகை வீடுகளைச் சோதிக்கத் தனி அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்ற எங்கள் பரிந்துரையின் முதல் வாக்கியம் வேன்காரர் தன் கையால் எழுதியது. வாக்கெடுப்பில் அதற்குத்தான் அதிக ஆதரவு.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அறிக்கையைக் கொடுத்தோம், கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். மாதங்கள் ஓடின, எதை ஏற்றார்கள், எதை விட்டார்கள் என்று ஒரு வரி வரவில்லை. எங்களில் சிலர் சேர்ந்து, ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே பதில் எழுதித் தாருங்கள் என்று கடிதம் போட்ட பிறகுதான் ஒரு பட்டியல் வந்தது. பாதிக்கு மேல் "பரிசீலனையில் உள்ளது". வீட்டுச் சோதனையும் அந்தப் பாதியில்தான். எனக்கு இன்றும் ஆறவில்லை.

பக்கத்து லீட்ஸ் நகரத்தில் 2019இல் நடந்த ஜூரி, பஸ்களைத் தனியாரிடமிருந்து பொதுக் கைக்குத் திரும்ப எடுக்க வேண்டும் என்றது. 2024 மார்ச்சில், லீட்ஸ் அடங்கிய மேற்கு யார்க்‌ஷயர் மேயர், பஸ் வழித்தடங்களையும் கட்டணத்தையும் பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். அதற்காகப் பல வருடம் போராடியவர்கள் வேறு பலர் உண்டு. பெருமையை ஜூரிக்கே கொடுத்துவிட மாட்டேன். ஆனாலும் குலுக்கலில் வந்த சாதாரண மக்களும் அதையே கேட்டார்கள் என்பது எழுத்தில் இருக்கிறது.

பாரிஸிலிருந்து

அக்கா, கவுன்சிலின் பதிலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் கதை நினைவுக்கு வந்தது. இங்கே அதையே நாடளவில் பார்த்தோம்.

நான் ஒரு ரெஸ்டாரன்டில் சமையல்காரன். 2018 கடைசியில் எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் அங்கிக்காரர்கள் தெருவில் இறங்கியபோது சனிக்கிழமை தோறும் எங்கள் கடை ஷட்டர் இறங்கிவிடும். அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகுதான், காலநிலைக்கு என்ன செய்யலாம் என்று சொல்ல அரசு குலுக்கலில் 150 பேரைக் கூட்டியது. தொலைபேசி எண்களைக் கணினியில் உருவாக்கி அழைத்தார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. 2019 அக்டோபரிலிருந்து 2020 ஜூன் வரை கூடினார்கள். பொது அமர்வுகளை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். வேலை முடிந்து வந்து நான் பார்ப்பேன். நீதிமன்ற ஜூரிக்குக் கொடுப்பது போல் நாளுக்கு 86 யூரோ கொடுத்தார்கள். அவர்கள் வைத்த முன்மொழிவுகள் 149.

"வடிகட்டாமல்" ஏற்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்த அதிபர் மக்ரோன், 2020 ஜூன் 29 அன்று எலிசே மாளிகைத் தோட்டத்தில் அவர்களை வைத்துக்கொண்டு மூன்றைத் தவிர மற்றதெல்லாம் சரி என்றார். நெடுஞ்சாலை வேகத்தை 110 கிலோமீட்டராகக் குறைப்பது அந்த மூன்றில் ஒன்று. பிறகு அமைச்சகங்கள், நாடாளுமன்றம், தொழில் நிறுவனங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்தது. 2021 பிப்ரவரியில் அந்த அவையினர் கடைசியாகக் கூடி, தங்கள் முன்மொழிவுகளை அரசு கையாண்ட விதத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். பத்துக்குச் சராசரி 3.3.

அந்த உறுப்பினர்களில் ஒருவர் எங்கள் புறநகர் மண்டபத்தில் பேச வந்தபோது நான் போயிருந்தேன். ஏமாந்துவிட்டீர்களா என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். அந்தப் பெண்மணி யோசித்துத்தான் பதில் சொன்னார்: வீட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வாரமும் அழுகையும் கோபமும் வந்தது, ஆனால் இதையெல்லாம் யாரும் எழுதிக் கேட்கவில்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. எனக்கு அந்த ஆறுதல் போதவில்லை. இருந்தாலும் அக்கா எழுதிய பூஞ்சைச் சுவருக்கு இங்கே ஒரு சின்ன விடை இருக்கிறது. எல்லா வீட்டு உரிமையாளரும் வீட்டை முழுமையாகப் புதுப்பிக்கக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று 150 பேர் கேட்டார்கள்; அது நடக்கவில்லை. 2021 ஆகஸ்டில் வந்த சட்டம் அதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. மிக மோசமான "ஜி" தர வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விடுவது 2025 ஜனவரியோடு நின்றது; 2028இல் "எஃப்", 2034இல் "ஈ" என்று வரிசை இருக்கிறது. எங்கள் பையன்கள் பலர் கூட்டாக எடுத்துத் தங்கும் பழைய அறைகள் எந்தத் தரம் என்று எனக்குத் தெரியும். ஆகவே அந்தத் துண்டுச் சட்டத்தை நான் சின்னது என்று தள்ளிவிட மாட்டேன்.

காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து

குலுக்கல் என்றதும் இங்கே எல்லாரும் உத்திரமேரூர் என்பார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 920ஐ ஒட்டியது. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுத்த விதத்தை அது சொல்கிறது: முப்பது குடும்பு, அதாவது ஊரின் வட்டாரங்கள், குடும்புக்கு ஒரு பெயர், குடத்திலிருந்து பெயர் எழுதிய ஓலை எடுக்க ஒரு சிறுவன். அப்படி வந்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். ஏரியைத் தூர் வாருவதும் மதகைப் பார்ப்பதும் குலுக்கலில் வந்தவர்கள் பொறுப்பில் இருந்தது என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு.

ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போனது என்பதையும் அதே சுவர் சொல்கிறது: வரி செலுத்தும் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35இலிருந்து 70 வயது, வேதக் கல்வி. நிலமில்லாதவர் கிடையாது, பெண்கள் கிடையாது. அந்த வேன்காரரும் வாடகை வீட்டுத் தாயும் அந்தக் குடத்துக்குள் போயிருக்கவே மாட்டார்கள். அந்தக் கல்வெட்டிலிருந்து இன்று எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொரு விதி என்று எனக்குப் படுகிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி குடத்துக்கு வர முடியாது. பதில் சொல்லாத கவுன்சிலுக்கு இப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து

கணக்குக் காட்டும் விதி என்று ஐயா எழுதியதால் இதைச் சொல்கிறேன். இங்கே 2023 பிப்ரவரியில் தொடங்கிய காலநிலை அவை ஒரு முறை கூடிக் கலைவதில்லை. முதல் சுற்றில் நூறு பேர்; ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய குலுக்கல், புதிய தலைப்பு. பழைய சுற்றில் இருந்தவர்களில் ஒரு சிறு குழு விலகாமல் நின்று, பரிந்துரைகள் என்ன ஆயின என்று அரசைத் தொடர்ந்து கேட்கும். எதையாவது ஏற்காவிட்டால் ஏன் என்று அரசு காரணம் சொல்ல வேண்டும்.

என் அத்தைக்கு இப்படியோர் உள்ளூர் அழைப்பு வந்தபோது முதலில் மறுத்துவிட்டார். "எனக்கு என்னப்பா தெரியும், படித்த ஆளை அனுப்பச் சொல்" என்றார். தொலைபேசியில் அழைத்து, மொழிபெயர்க்க ஆள் தருவார்களா என்று கேட்டேன், தந்தார்கள். 2021 ஜூலையில் பெல்ஜியத்தில் வந்த வெள்ளத்தைப் பற்றிய பேச்சில், தண்ணீர் ஏறும்போது நிலவறைக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு முதலில் யார் சொல்வார்கள், எந்த மொழியில் சொல்வார்கள் என்று அத்தை கேட்டார். எச்சரிக்கைத் திட்டம் போட்டவர்களிடம் அதற்குப் பதில் இல்லை. அதை எழுதிக்கொண்டார்கள்.

ஆகவே யாருக்காவது கடிதம் வந்தால் போங்கள். போகுமுன் மூன்று விஷயம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: பரிந்துரைகளுக்கு யார் பதில் சொல்வார், எந்தத் தேதிக்குள் சொல்வார், அந்தப் பதிலை எல்லாரும் பார்க்க எங்கே வைப்பார். அக்கா, உங்கள் ஊர்ப் பட்டியலில் "பரிசீலனையில்" இருக்கும் அந்தப் பாதிக்கும் இதே மூன்றைக் கேட்டு இன்னொரு கடிதம் போடலாம். வேண்டுமானால் இங்கே பயன்படுத்தும் பதில் அட்டவணையின் மாதிரியை அனுப்புகிறேன்.