தருமபுரியில் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

சிறுவாணிப் பெண்:

வணக்கம். கணவருக்குப் பணிமாறுதல் வந்ததால் கோவையிலிருந்து தருமபுரிக்குக் குடிவந்து ஐந்து வாரம் ஆகிறது. பிறந்ததிலிருந்து சிறுவாணித் தண்ணீர் குடித்தவள் நான். தண்ணீரைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. இங்கே வந்த பிறகு கவலைப்படாத நாளே இல்லை.

துவரம் பருப்பு குக்கரில் ஆறு விசில் வந்தும் நடுவில் பொட்டுப்போல வேகாமல் நிற்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையடித்த சுவர்போல் ஆகிவிட்டது. கரண்டிக் காம்பால் சுரண்டினால் தகடு தகடாக உரிகிறது. தலைக்குக் குளித்தால் முடி நார்போல் நிற்கிறது.

வாடகை வீடு. நகராட்சித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை வரும். போர் தண்ணீர் எப்போதும் உண்டு. மாடியில் இருப்பது ஒரே தொட்டி.

போன வாரம் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்பவர் ஒருவர் வந்தார். இரண்டு டம்ளர் கேட்டார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் வைத்து மின்சாரம் விட்டார். ஒரே நிமிடத்தில் எங்கள் டம்ளர் துருச் சேறாக மாறியது. அவருடையது அப்படியே இருந்தது. "இதைத்தான் உங்கள் பெண் குடிக்கிறாள்" என்றார். என் மகளுக்கு நான்கு வயது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மீட்டரில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, 780 காட்டியது.

அந்த இயந்திரத்தை வாங்க வேண்டுமா? காய்ச்சிக் கொடுத்தால் போதாதா?

வேதியியல் வாத்தியார்:

அம்மா, முதலில் அந்தத் துருச் சேற்றை மனத்திலிருந்து கழுவிவிடுங்கள். அது உங்கள் தண்ணீரில் இருந்ததே இல்லை. அந்தக் கருவியின் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி அரித்துத் துருவாகக் கொட்டும். அவர் கொண்டுவந்த தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, அதனால் மின்சாரம் பாயவில்லை. அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லியிருந்தால் அங்கேயும் அதே சேறு வந்திருக்கும். ஒரு தாயைப் பயமுறுத்திப் பொருள் விற்பதை நினைத்தால் எனக்கு மிகுந்த கோபம் வருகிறது.

ஆனால் உங்கள் கவலை தேவையற்றது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு.

பருப்பு வேகாதது, பாத்திரத்தில் வெள்ளை படிவது, சோப்பு நுரைக்காதது எல்லாம் கடினத்தன்மை. கால்சியமும் மக்னீசியமும் செய்யும் வேலை. காய்ச்சும்போது அவற்றில் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் பிரிந்து படிகிறது. நீங்கள் சுரண்டியது அதைத்தான். தொல்லை பிடித்தது என்றாலும் உடம்புக்கு அதனால் பெரிய கேடில்லை. இந்தியத் தர நிர்ணய அளவின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டத்தின் உண்மையான பிரச்சினை ஃபுளோரைடு. இங்குள்ள பாறைகளிலிருந்து கரைந்து நிலத்தடி நீரில் சேர்வது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, ருசி இல்லை. டிடிஎஸ் மீட்டர் அதைத் தனியே காட்டாது. அதைவிட மோசம், கால்சியம் குறைந்து சோடியம் மிகுந்த தண்ணீரில்தான் ஃபுளோரைடு அதிகமாகக் கரைந்து நிற்கும். நன்றாக நுரைக்கிறது, குடிக்க இதமாக இருக்கிறது என்று நாம் மெச்சும் கிணற்றில்கூட அது கூடுதலாக இருக்கலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5 உச்ச வரம்பு.

காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட அது செறிவாகும். குழந்தைக்கு நல்லது என்று நினைத்துத்தான் இங்கே எத்தனையோ தாய்மார் போர் தண்ணீரை அரைமணி நேரம் கொதிக்க வைத்துக் கொடுத்தார்கள்.

நான் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். என் முன்பற்களில் குறுக்கே ஃபுளோரைடு போட்ட பழுப்புக் கோடுகள் உண்டு. எந்தப் பற்பசையாலும் போகவில்லை. முப்பது ஆண்டு ஆசிரியராக இருந்தேன். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பிலும் பார்த்தேன். நிலைப்பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயது வரை ஈறுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும். கறை ஏறுவது அந்த வயதில்தான். உங்கள் மகளுக்கு நான்கு என்றீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. ஜப்பானியக் கடனுதவியோடு வந்த திட்டம். அதன் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் பாதிப்பு) தணிப்பு என்று சேர்த்துத்தான் வைத்தார்கள். அந்தக் காவிரித் தண்ணீர்தான் நகராட்சிக் குழாயில் உங்கள் தெருவுக்கே வருகிறது. குடிக்க, சோறு பொங்க, பருப்பு வேகவைக்க, களி கிண்ட அதை மட்டும் பயன்படுத்துங்கள். சமையலில் போகும் தண்ணீரும் குழந்தையின் வயிற்றுக்குத்தான் போகிறது.

ஒரு சந்தேகம். தொட்டி ஒன்றுதான் என்றீர்களே, இரண்டு தண்ணீரும் அதில்தான் ஏறுகிறதா? தெருக்குழாயிலும் போர் மோட்டார் வாயிலும் தனித்தனியே பிடித்து மீட்டரை வைத்துப் பாருங்கள். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுக் கழுத்து வரை நிரப்புங்கள். ஃபுளோரைடு அளவு வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

குழாய் வேலைக்காரன்:

வாத்தியார் ஐயா கேட்டது சரி. இந்த ஊரில் பல வாடகை வீடுகளில் நான் பார்ப்பது இதுதான். காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்துவிடும்.

அக்கா, வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, நகராட்சி இணைப்பு தொட்டிக்கு ஏறும் முன்பே ஒரு கிளை எடுத்து, சமையலறைக்குச் சிறிய தொட்டி ஒன்று தனியாக வையுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஒருநாள் வேலைதான். கிளையில் ஒருவழி வால்வு வைக்க மறக்க வேண்டாம். இல்லையென்றால் போர் தண்ணீர் திரும்பி வந்துவிடும்.

கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் வைத்தால் வெள்ளை படிவது நிற்கும், ஹீட்டர் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கும் சாதனம் அது. டிடிஎஸ் குறையாது, ஃபுளோரைடும் போகாது. தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி வடிகட்டும் ஆர்ஓ இயந்திரம் ஃபுளோரைடைப் பெருமளவு எடுக்கும். ஆனால் காவிரித் தண்ணீர் கிடைக்கும் வீட்டில் அதற்குச் செலவழிப்பது வீண், பாதித் தண்ணீருக்கு மேல் சாக்கடைக்குப் போகும். புறஊதா விளக்கு உள்ள கருவி கிருமியைக் கொல்லும், உப்பை ஒன்றும் செய்யாது. பாத்திரத்து வெள்ளைக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றி இரவு முழுக்க வைத்தால் காலையில் கையோடு வந்துவிடும்.

சிறுவாணிப் பெண்:

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

தெருக்குழாயில் 240, மோட்டார் வாயில் 1,190. சமையலறையில் நான் பார்த்த 780 இரண்டும் கலந்த தண்ணீர்தான். காவிரித் தண்ணீர் குடிக்கிறோம் என்று ஐந்து வாரம் நம்பியிருந்தேன். ஆய்வக அறிக்கை நேற்று வந்தது. போர் தண்ணீரில் ஃபுளோரைடு 2.3. அந்த எண்ணைப் பார்த்ததும் மகளைப் பக்கத்தில் அழைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பால்பற்கள் வெள்ளையாகத்தான் இருக்கின்றன.

வீட்டுக்கார அம்மாவிடம் அறிக்கையைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் படித்தார். மாடியில் இருக்கும் அவருடைய பேரனுக்கு மூன்று வயது. மறுநாள் காலையிலேயே ஆள் வந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் தனித்தனிக் கிளை போட்டாயிற்று. இன்று துவரம் பருப்பு மூன்றாவது விசிலில் குழைந்துவிட்டது.

ஐயா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஐந்து வாரம் குடித்ததால் பல்லுக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

வேதியியல் வாத்தியார்:

பற்களில் கறை ஏறுவது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் குடிப்பதால், அம்மா. அதுவும் நீங்கள் குடித்தது பாதி காவிரி கலந்த தண்ணீர். மனத்தை அலட்டிக்கொள்ள வேண்டாம். பல் மருத்துவரிடம் போகும்போது இதைச் சொல்லிவையுங்கள், போதும். பல் துலக்கும்போது பற்பசையைப் பட்டாணி அளவுக்கு மேல் வைக்காதீர்கள், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

அந்த அறிக்கையை நகலெடுத்துத் தெருவில் சிறு பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கும் கொடுக்க முடியுமா? பக்கத்து வீடுகளின் தொட்டியும் ஒன்றாகத்தான் இருக்கும்.