பொருள்: இழுகுமிழ், குமிழ்க்கவ்வி – 'இணைப்பி' போதுமா?

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

காரின் பின்புறம் சிறு டிரெய்லரைப் பூட்டும் உறுப்புக்குத் தாங்கள் பரிந்துரைத்த 'இணைப்பி' என்னும் சொல்லை, நான் மொழிபெயர்த்துவரும் பயன்பாட்டுக் கையேட்டில் இட்டுப் பார்த்தேன். 'இணைப்பியை இணைப்பின்மேல் இறக்கி இணைப்பை உறுதிசெய்க' என்று ஒரு வரி அமைந்தது. அதைப் படித்து எவராலும் வண்டி பூட்ட இயலாது.

பொருளை நேரில் காணாமல் பெயரிடுவது தகாது என்று அம்பத்தூரில் ஒரு பட்டறைக்குச் சென்றேன். சென்னையில் டிரெய்லர் என்றாலே துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் வண்டிதான் நினைவுக்கு வரும். அதன் பூட்டுமுறை வேறு என்பதால் அதை இங்கே கலக்க வேண்டா. பட்டறைக்காரர் 'பால்' (காரின் பின்னுள்ள உருண்டைத் தலை), 'கப்பு' (அதன்மேல் கவிழும் டிரெய்லரின் முனை), 'லாக்கு' என்ற மூன்றே சொற்களில் பூட்டும் முறையை விளக்கினார். கப்பைப் பாலின்மேல் இறக்கி, லாக்கின் கைப்பிடியை அழுத்தினார். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு டிரெய்லரின் முன்பக்க ஜாக்கியைச் சுற்றி உயர்த்தியபோது, காரின் பின்புறம் கூடவே எழாமல் கப்பு மட்டும் தனியே மேலே வந்துவிட்டது. கப்பின் உள்ளிருக்கும், அவர் அப்போது 'நாக்கு' என்று சொன்ன உறுப்பு பாலின் அடிவயிற்றைப் பிடிக்காமல் அதன் தலைமேல் உட்கார்ந்திருந்ததே காரணம். சாலையின் முதல் வேகத்தடையே அந்த டிரெய்லரைக் கழற்றிவிட்டிருக்கும்.

ஆகவே, பொருந்தி உட்கார்வதற்கும் கவ்விப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லே காட்ட வேண்டும் என்பது என் கருத்து. பள்ளி உயிரியலில் 'பந்துக் கிண்ண மூட்டு' என்று படித்திருக்கிறோம். ஆயினும் கிண்ணம் தாங்குமேயன்றிக் கவ்வாது. 'குண்டு' என்றால், காரின் பின்னால் குண்டு இருப்பதாகச் செய்தி வந்து காவல்துறை வந்து நிற்கும். பாதக்குறட்டில் கால்விரல்கள் பற்றிக்கொள்ளும் தலைபருத்த முளையைக் 'குமிழ்' என்கிறோம் அல்லவா? கழுத்து சிறுத்துத் தலை பருத்த இந்த உறுப்பும் அதே வடிவம், அதே வேலை. எனவே அது 'இழுகுமிழ்'. அதைப் பிடிப்பது 'குமிழ்க்கவ்வி'. கவ்வியை மூடுவது 'தாழ்'. தாழ் தானாகத் திறவாமல் குறுக்கே செருகுவது 'தாழாணி'. செயலுக்கு 'பூட்டுதல்' போதும். ஏரையும் வண்டியையும் பூட்டிய சொல்லுக்கு இது புதிய வேலையன்று.

இச்சொற்களைக் கொண்டு கையேட்டின் சிக்கலான பகுதியை எழுதிப் பார்த்தேன்: 'குமிழ்க்கவ்வியின் அளவும் இழுகுமிழின் அளவும் ஒன்றாக இருத்தல் வேண்டும். 2 அங்குலக் கவ்வி 1⅞ அங்குலக் குமிழின்மேல் பொருந்தியதுபோல் தோன்றும். இடையே உள்ள 3 மி.மீ. அளவு இடைவெளியே அது குதித்துக் கழல்வதற்குப் போதும். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் கவ்விக்கு அடியில் குறுக்காக மாட்டுக. கவ்வி கழன்றாலும் டிரெய்லரின் முன்தண்டு தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும்.' தடங்கலின்றிப் படிக்க முடிகிறதா என்று தாங்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி:

அன்புடையீர், படித்தேன், தடங்கல் இல்லை. 'இணைப்பி'யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'தாழாணி'க்கு மாற்றாக, மாட்டுவண்டிச் சக்கரம் கழலாமல் காக்கும் 'கடையாணி'யைச் சொல்ல முதலில் எண்ணினேன். ஆனால் டிரெய்லருக்கும் சக்கரம் உண்டு என்பதால் படிப்பவர் தவறான இடத்தில் ஆணியைத் தேடக்கூடும். தங்கள் சொல்லே இருக்கட்டும். ஒரு குறை மட்டும் உண்டு: கவ்விக்குள் இருந்து குமிழின் அடியைப் பிடிக்கும் உறுப்புக்குத் தாங்கள் பெயரே தரவில்லை. பிழை நேர்வது அங்கேதான். பட்டறைக்காரர் சொன்ன 'நாக்கு' என்பதையே மாற்றாமல் எழுதிவிடுங்கள்.